தாவேக்கு வழிவிட்ட ஆறு

எகிப்து ஆற்றின் நடுவே இருக்கிற யேப் தீவில் எங்கள் சந்துக்கு மருமகளாக வந்த முதல் வருஷம், புளிப்பில்லாத அப்பப் பண்டிகைச் சாப்பாட்டின் நடுவே தாவே சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவளைப் பற்றிச் சொல்வதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதுவரை அவள் வாய்விட்டுப் பேசியே நாங்கள் கேட்டதில்லை.

அவள் எகிப்துக்காரி. தீவுக்குத் தெற்கே ஆறு பாறைகளில் மோதி நுரைத்துக்கொண்டு வருமே, அந்த இடத்தில் படகுகளைக் கயிறு கட்டி இறக்குகிற பஹோரின் மகள். நாங்கள் யூதர்கள். பாரசீக ராஜாவின் கோட்டையில் தலைமுறை தலைமுறையாகக் காவல் இருப்பவர்கள். சந்தின் ஒரு பக்கம் எங்கள் யாஹோவின் கோயில், மறுபக்கம் அவர்களுடைய குனூமின் கோயில் மதில், நடுவில் எங்கள் மண்வீடுகள். தாவேயின் புருஷன் ஹூரி கோட்டையில் வில்வீரன். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே யாராவது பாத்திரத்தைப் போட்டு உடைத்தால் எந்தப் பாத்திரம் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.

பண்டிகைக்கு இரண்டு வீடும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். ஹூரியின் அப்பா பலத்யா கதை சொல்லுவார். ஒரு காலத்தில் பெரிய வீரர். முழங்காலில் அம்பு பட்டபிறகு வீட்டோடு இருந்தார். வருஷா வருஷம் அதே கதைதான், ஆனாலும் அவர் சொல்லும்போது எங்களுக்கு மயிர் சிலிர்க்கும்.

"முன்னாடி கடல். பின்னாடி ராஜாவோட தேருங்க. நம்ம ஜனம் நடுவுல மாட்டிக்கிச்சு. அப்போ யாஹோ காத்தை அனுப்பினாரு. தண்ணி இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர். நடுவுல தரை..."

அப்போதுதான் தாவே சிரித்தாள். கேலி இல்லாத சிரிப்பு. தெரியாத ஊர்ச் சந்தையில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டால் ஒரு சிரிப்பு வருமே, அது. ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு அது புரியும்? ஹூரி தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா ஷல்லுவா கையிலிருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டாள்.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் பலத்யா.

"மன்னிச்சிடுங்க மாமா. இந்தக் கதை எனக்குத் தெரியும்! எங்கப்பா படகுல சொல்லுவாரு. எங்க கதையில கடல் இல்ல, ஏரி. அவ்வளவுதான்."

"பாத்தியாம்மா, நம்ம கதையைக்கூட இவங்க ஊர்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள் மிப்தா. ஹூரியின் தங்கை. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாக்கு கொஞ்சம் நீளம்.

பலத்யா அவளைக் கையமர்த்தினார். "சொல்லு. கேப்போம்."

பிடிபட்டவனை விசாரிக்கிற குரல். தாவே பயந்துகொண்டேதான் சொன்னாள். பழைய காலத்து ராஜா ஒருவருக்குப் பொழுது போகவில்லை. ஏரியில் பெண்களைப் படகு வலிக்கச் சொல்லிக் கரையில் உட்கார்ந்து பார்க்கிறார். அதில் ஒருத்தியின் கூந்தலில் இருந்த பச்சைக்கல் மீன் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. அவள் துடுப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். வேறு மீன் தருகிறேன் என்கிறார் ராஜா. எனக்கு என் மீன்தான் வேண்டும் என்கிறாள் அவள். கோயில் பூசாரி வந்து மந்திரம் சொல்கிறார். ஏரித் தண்ணீரில் பாதியை எடுத்து மறுபாதி மேல் துணி மடிக்கிற மாதிரி மடித்து வைக்கிறார். கீழே சேற்றில் ஓர் ஓட்டுச்சில்லின் மேல் மீன் கிடக்கிறது. எடுத்துக் கொடுத்துவிட்டு, தண்ணீரை மறுபடி விரித்துவிடுகிறார்.

சொல்லி முடித்ததும் மிப்தா கைதட்டினாள். "அடடா! உங்க ஊர்ல தலையில வைக்கிற மீனுக்காகத் தண்ணியைப் பிளப்பாங்க. எங்க ஊர்ல ஒரு ஜனத்துக்காகப் பிளப்பாங்க. அதான் வித்தியாசம் அண்ணி."

எல்லோரும் சிரித்தோம். தாவேயும் சிரித்தாள். பிறகு அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "ஒரு பொண்ணோட மீனுக்கே வழிவிட்ட தண்ணி, அத்தனை ஜனத்துக்கு விடாமலா இருக்கும்?"

பலத்யா அதற்கு மேல் கதையைச் சொல்லவில்லை. அன்று சீக்கிரம் எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து மிப்தா அவளுக்கு 'ஏரி மடிச்சவ' என்று பேர் வைத்துவிட்டாள். மாவரைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அதுதான். "ஏரி மடிச்சவளே, இந்தப் போர்வையையும் அப்படியே மடிச்சு வையேன்." தாவே போர்வையை மடித்து வைப்பாள், ஆனால் மிப்தாவின் துணியை மட்டும் உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து வைப்பாள். மிப்தா அதைத் திருப்பிப் போடும்போது என் வீட்டு வாசலிலிருந்து நானும் தாவேயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

பலத்யாவுக்குத்தான் அந்தக் கதை உள்ளே தைத்துவிட்டது. ஒருநாள் முற்றத்தில் மருமகள் துவரை உரித்துக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"உங்க ஏரிக்கதை ரொம்பப் பழசாம்மா?"

"கல்லறைக்குக் கல்லால கூம்பு கட்டின ராஜாக்கள் காலத்துதுன்னு அப்பா சொல்லுவாரு மாமா."

"அப்போ எங்களோடதுக்கும் முன்னாடி."

"இருக்கலாம்."

 பிறகு அவர் சொன்னார்: "கோலைப் பாம்பாக்கினதுன்னு எங்ககிட்ட ஒரு கதை இருக்கு. மெழுகுல முதலை செஞ்சு ஆத்துல போட்டா நிஜ முதலை ஆயிடுச்சுன்னு உங்காளுங்க சொல்றதைப் படகுல கேட்டிருக்கேன். அப்போ சிரிச்சேன். இப்போ யோசனையா இருக்கு. நீங்க முன்னாடியே சொல்லி வெச்ச கதைங்களைத்தான் நாங்க எடுத்துக்கிட்டோமோ?"

"எனக்குத் தெரியல மாமா. உங்காளுங்க எங்க நாட்டுலதானே அத்தனை காலம் இருந்தீங்க. பக்கத்து வீட்டுல இருந்தா உப்பு வாங்குவோம், நெருப்பு வாங்குவோம். கதை வாங்க மாட்டோமா? ஆனா ஒண்ணு. எங்க கதையில தண்ணி விலகுறது ராஜா சந்தோஷப்படுறதுக்காக. உங்க கதையில ராஜாகிட்ட இருந்து தப்பிக்கிறவங்களுக்காக. படகு வலிச்ச பொண்ணுங்க அந்தக் கதையைச் சொல்லியிருந்தா உங்க மாதிரிதான் சொல்லியிருப்பாங்க."

 அதற்குப் பிறகு பலத்யா மருமகளைத் 'தாவேம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

சில வருஷங்கள் போயின. மிப்தாவுக்கு ஒரு வீரனோடு கல்யாணம் ஆனது. தாவேக்குக் குழந்தை இல்லை. அதைச் சொல்லிக் குத்துகிறவர்களும் சந்தில் இருந்தார்கள். மிப்தா மட்டும் அதை எடுத்ததில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவள் கேலியெல்லாம் ஏரியோடு சரி.

அப்புறம் ஒரு பண்டிகையில் ஆட்டுக்குட்டி விஷயம் பெரிதாகிவிட்டது. குனூமுக்கு ஆட்டு முகம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆட்டைக் கும்பிடுகிறார்கள், இந்தப் பக்கம் நாங்கள் குட்டியை அறுத்துச் சுடுகிறோம். வழக்கமாக மூக்கைச் சுளித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். அந்த வருஷம் காற்று எங்கள் அடுப்புப் புகையை நேராக அவர்கள் பூசைக்குள் கொண்டுபோய்விட்டது போலிருக்கிறது. கூச்சல், கல்லெறி, யாருடையதோ ஒரு கதவு உடைந்தது. கடைசியில் படகுக்காரர்கள் ஒன்றுகூடி, ஆட்டுக்குட்டி அறுக்கிறவர்களைப் படகில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். படகுக்காரர்கள் எல்லோரும் எகிப்துக்காரர்கள். எதிர்க்கரையில் இருக்கிற சுவேன் ஊருக்குப் போகாமல் நாங்கள் வெங்காயம்கூட வாங்க முடியாது. கோட்டைப் படகு ஒன்றுதான் எங்களுக்குக் கதி.

தாவே படித்துறைக்குப் போய் அப்பாவிடம் நேராகக் கேட்டாள். நான் குடத்தோடு பின்னால் நின்றேன்.

"என்னப்பா இது? மாமா காலுக்குத் தைலம் வாங்கணும். என்னை ஏத்திக்குங்க."

"குட்டி அறுத்த கையை என் படகுல வைக்கக் கூடாது" என்றார் பஹோர்.

"நான் அறுக்கல."

"தின்னியா?"

"தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"அது நம்ம சாமியோட முகம், தெரியுமில்ல?"

"தெரியும். நீங்க தினமும் மீன் தின்றீங்களே, ஆத்துச்சாமி என்னிக்காவது கோவிச்சுக்கிட்டாரா?"

படகில் இருந்த குனூம் கோயில் ஆட்களே சிரித்துவிட்டார்கள். பஹோருக்கு முகம் கறுத்துவிட்டது. துடுப்பால் படியை ஒரு தள்ளு தள்ளிப் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு தாவே படித்துறைப் பக்கம் போகவில்லை. எனக்குத் தெரிந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது மட்டும் அழுதாள்.

கோடை முற்றியது. வெள்ளம் வருவதற்கு முந்தைய நாட்கள். ஆறு வற்றி, பாறைகள் யானைக் கூட்டம் மாதிரி முதுகு காட்டிக்கொண்டு கிடந்தன. ஹூரியும் மிப்தாவின் புருஷனும் இருந்த படைப்பிரிவை வடக்கே எங்கோ அனுப்பியிருந்தார்கள். கோட்டைப் படகும் அவர்களோடு போய்விட்டது. மிப்தா நிறைமாதமாகத் தாய்வீட்டில் இருந்தாள்.

வலி எடுத்த மறுநாள் காலை, ஷல்லுவா முற்றத்துக்கு வந்து கையைக் கழுவினாள். 

"குறுக்கே கிடக்கு. தலை கீழ வரல. திருப்ப எனக்குத் தெரியாது. ரென்பெத் வந்தா திருப்பிடுவா."

ரென்பெத் சுவேனில் இருக்கிற மருத்துவச்சி. நாங்கள் படித்துறைக்கு ஓடினோம். எதிர்க்கரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினோம். ஒரு படகு இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, எல்லோரும் மேலே கல்படகு இறக்கப் போயிருக்கிறார்கள் என்று கையைக் காட்டிச் சொன்னாள். குனூம் கோயிலுக்குப் பெரிய கல் ஒன்று வருகிறது, இருக்கிற படகையெல்லாம் கயிறு பிடிக்கக் கொண்டுபோய்விட்டார்களாம்.

தாவே பாவாடையை இடுப்பில் இழுத்துச் சொருகினாள்.

"அபிஹிக்கா, உங்க வீட்டுக் கிணத்துக் கயிறை எடுத்துக்கிட்டு வாங்க. தெற்கு முனைக்கு."

"என்னடி செய்யப்போறே?"

"நடக்கப்போறேன்."

தீவின் தெற்கு முனையிலிருந்து அக்கரை வரைக்கும் கோடையில் பாறை பாறையாகத் தலை நீட்டியிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம், சில இடத்தில் இடுப்புத் தண்ணீர். சின்ன வயதில் அப்பாவோடு படகில் சுற்றியதில் ஒவ்வொரு பாறைக்கும் பேர் தெரியும் அவளுக்கு. கழுதை, கிழவன், ரெட்டைப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். ஆபத்து எங்கள் கரைக்குப் பக்கத்தில்தான். கழுதைப் பாறைக்கும் கரைக்கும் நடுவே அகலமாக ஓர் ஓட்டம். மார்பளவுத் தண்ணீர், ஆனால் ஆளை அடித்துக்கொண்டு போகிற வேகம். அவள் படகுக்காரன் மகள், சாய்வாக நீந்திக் கழுதையின் வாலைப் பிடித்து ஏறிவிட்டாள். நான் கண்ணைத் திறந்தபோது அவள் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

நான் கயிறோடு அங்கேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பலத்யா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வீட்டில் மகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை என்றார். வடகாற்று பலமாக அடித்தது. 

ரென்பெத் வருவதற்கு முன் அவள் குரல் வந்தது. பிறகுதான் பாறைகளுக்கு மேலே அவர்கள் தெரிந்தார்கள். முன்னால் தாவே, தலையில் இரண்டு செங்கல். பிரசவத்தில் கால் வைத்து உட்காருகிற செங்கல். தன் செங்கல் இல்லாமல் ரென்பெத் எந்த வீட்டுக்கும் போகமாட்டாள். பின்னால் ரென்பெத், எங்கள் தீவிலேயே அவ்வளவு பருமனான ஆள் கிடையாது, தாவேயின் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு தவழாத குறையாக வந்தாள்.

"உங்கப்பனுக்குப் படகு எதுக்குடி? அடுப்பெரிக்கவா? வயசான காலத்துல என்னைப் பாறையில தாவ விடுறியே, நான் என்ன குரங்கா?"

"அடுத்த பாறை கிழவன்தான் அத்தை. நல்லவரு, வழுக்க மாட்டாரு."

"எந்தக் கிழவனை நம்பச் சொல்றே நீ!"

கழுதைப் பாறை வரைக்கும் வந்துவிட்டார்கள். அங்கே நடுவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் ரென்பெத் உட்கார்ந்துவிட்டாள்.

"முடியாது. என் பரம்பரையில யாருக்கும் நீச்சல் கிடையாது."

"கயிறு இருக்கு அத்தை. அபிஹிக்கா பிடிப்பாங்க."

"அவளா? என் ஒரு தொடை இருப்பாளா அவ? என்னோட சேந்து அவளும்தான் போவா."

உண்மைதான். நான் கயிற்றை வீசினேன், தாவே பிடித்துப் பாறையில் சுற்றிக் கட்டினாள், இந்த முனையை நான் ஒரு மரவேரில் கட்டினேன். கயிறு தண்ணீரில் பட்டுத் துடித்தது. அதைப் பிடித்துக்கொண்டு நீச்சல் தெரியாத ஒருத்தி வர முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தாவே முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். செங்கலைத் தலையிலிருந்து இறக்காமலே அழுதாள்.

பலத்யா எழுந்து நின்றார். கம்பு கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. எங்கள் கோயிலில் சொல்கிற வேண்டுதல் எதையாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"ஒரு மீனுக்காக விலகிச்சுன்னு சொல்றாங்க. யாரு விலக்கினா, எப்போன்னு எனக்குத் தெரியல. நீங்களாத்தான் இருக்கும். என் பொண்ணுக்காகவும் ஒரு தடவை."

அவ்வளவுதான் சொன்னார்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கயிற்றின் துடிப்பு முதலில் நின்றது. பிறகு கயிறு தண்ணீரை விட்டு மேலே தெரிந்தது. கழுதைப் பாறையின் வயிறு ஈரமாக, பாசியோடு வெளியே வந்தது. ஓட்டத்தின் இரைச்சல் குறைந்து குறைந்து, தூரத்து வாத்துக்களின் சத்தம் கேட்கிற அளவுக்கு அடங்கிவிட்டது. நடுவில் கல்லும் மணலும் தெரிந்தன. சின்ன மீன்கள் குழிகளில் துள்ளின. சுவர் மாதிரி ஒன்றும் நிற்கவில்லை. தண்ணீர் போன இடம் தெரியாமல் போயிருந்தது.

"எந்திரிங்க அத்தை!" என்று தாவே கத்தினாள். "எந்திரிங்க, எந்திரிங்க!"

ரென்பெத் எழுந்தாள். குழிகளில் தேங்கிய முழங்கால் தண்ணீரில், ஒருத்தி துணியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் கல்லிடறி நடந்து வந்தார்கள். நான் ஓடிப்போய் ரென்பெத்தின் கையைப் பிடித்து மேட்டில் இழுத்துவிட்டேன். இழுத்த வேகத்தில் இருவரும் விழுந்தோம். அவள் என்மேல் கிடந்தபடியே, "மூணு தலைமுறைக்குப் பிரசவம் பாத்திருக்கேன், இப்படி ஒரு வீட்டுக்குப் போனதில்ல" என்றாள்.

நாங்கள் வீட்டுப் பக்கம் பாதி தூரம்கூடப் போகவில்லை. பின்னால் பெரிய முழக்கம் கேட்டது. ஆறு திரும்பி வந்துவிட்டது. என் கிணற்றுக் கயிறு அதோடு போய்விட்டது.

உச்சிவெயிலில் குழந்தை பிறந்தது. பெண். ரென்பெத் வெளியிலிருந்தே கைவைத்துத் திருப்பினாள் என்று ஷல்லுவா இன்றைக்கும் ஆச்சரியப்படுவாள். மிப்தா செங்கல்மேல் உட்கார்ந்து முன்னால் இருந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கழுத்து தாவேயுடையது. குழந்தையைத் துடைத்துக் கொடுத்தபோது மிப்தா அதைத் தான் வாங்கவில்லை. "முதல்ல அவகிட்டக் குடுங்க" என்றாள். தாவேயின் கை ஈரமாக இருந்தது. துணியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், துணியும் ஈரம்தான்.

"குனூம் குயவன் சக்கரத்துல மண்ணை வெச்சு வனைஞ்ச மாதிரி இருக்கு மூக்கு" என்றாள் ரென்பெத்.

"யாஹோ குடுத்த மூக்கு" என்றாள் ஷல்லுவா.

"யார் மூக்கா இருந்தா என்ன, தண்ணி குடுங்க எனக்கு" என்றாள் மிப்தா.

சாயங்காலம் பஹோர் வந்தார். சண்டைக்குப் பிறகு அவர் எங்கள் சந்தில் கால் வைத்தது அன்றுதான். உடம்பெல்லாம் சேறு, கையில் கயிறு அறுத்த புண். மகள் ஆற்றில் நடந்த கதை படித்துறையிலேயே அவர் காதுக்கு வந்துவிட்டது. முற்றத்தில் நின்றுகொண்டு சத்தம் போட்டார்.

"கழுதைப் பாறை ஓட்டத்துல இறங்கினியாமே? செத்திருப்பே! என்கிட்டக் கேட்டா வந்திருக்க மாட்டேனா? பிரசவத்துக்கு எவனாவது வழி மறிப்பானா?"

"எங்க நின்னு கேக்குறது அப்பா? இருந்த படகையெல்லாம் நீங்கதானே மேல கொண்டு போயிட்டீங்க."

 பலத்யா பஹோரை உட்காரச் சொன்னார். ஷல்லுவா ஆளுக்கு ஒரு கிண்ணம் பார்லிக் கள் கொண்டுவந்து வைத்தாள். பஹோர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அன்றைய பாட்டைப் புலம்ப ஆரம்பித்தார்.

"இந்த மாதிரி ஒரு நாளை நான் பாத்ததில்ல. கல்படகு வாய்க்கால்ல நல்லாத்தான் இறங்கிச்சு. திடீர்னு காத்து பிடிச்சுத் திருப்பி, ரெண்டு பாறைக்கு நடுவுல குறுக்கே சொருகிடுச்சு. அடைச்ச மூடி மாதிரி. மேல தண்ணி ஏறுது, ஏறுது, படகு அசையல. அப்புறம் ஏறின தண்ணியே தூக்கி விட்டுச்சு. ஒரே பாய்ச்சல். பத்துப் பேரு தண்ணிக்குள்ள, எப்படியோ நீந்திக் கரையேறிட்டாங்க."

பலத்யா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எந்த வாய்க்கால்?"

"இந்தப் பக்கத்து வாய்க்கால்தான். உங்க தெற்கு முனைக்கு மேல."

"எப்போ?"

"உச்சிக்கு முன்னாடி." சொல்லிவிட்டு பஹோர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அட" என்றார். அப்புறம் கையில் இருந்த புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படகு விட மாட்டேன்னு நின்னவன் நீ" என்றார் பலத்யா மெதுவாக. "கடைசியில உன் படகுதானே எங்களுக்கு வழி விட்டிருக்கு."

"நான் எங்கே விட்டேன்? பாறை பிடிச்சுக்கிச்சு."

"பாறையை அங்கே வெச்சது யாரு?"

"குனூம்தான். வேற யாரு?"

"காத்தை அனுப்பினது யாஹோ. அதை ஒத்துக்கோ."

"காத்தை வேணா வெச்சுக்குங்க. பாறையைத் தர முடியாது."

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பலத்யா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வர, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மெதுவா! பிள்ளை தூங்குது" என்று உள்ளேயிருந்து ஷல்லுவா அதட்டினாள்.

மறுநாள் காலை பஹோர் தன் படகை எங்கள் படியில் கொண்டுவந்து கட்டினார். மற்றவர்கள் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். தெற்கு முனையில் நடந்ததை ரென்பெத் சுவேன் பூராவும் சொல்லிவிட்டாள், சொல்லச் சொல்லத் தண்ணீர் மேலும் மேலும் விலகியது. கடைசியில் அவள் செருப்புகூட நனையவில்லை என்று ஆகிவிட்டது. குனூம் கோயிலில் குனூம்தான் ஆற்றை அடக்கினார் என்றார்கள், எங்கள் கோயிலில் யாஹோ என்றார்கள். இரண்டு பக்கமும் அவரவர் சாமியைப் பெருமை பேசுவதில் மும்முரமாகிவிட்டதால் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்ததை யாரும் வெட்கமாக நினைக்கவில்லை. ஆட்டுக்குட்டிச் சண்டை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில வருஷம் மறுபடி வரும், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் வலி எடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்து நின்றால், யார் சாமி எது என்று கேட்காமல் படகை அவிழ்ப்பார்கள்.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து தாவே ரென்பெத்தோடு போக ஆரம்பித்தாள். முதலில் செங்கல் சுமக்க. பிறகு விளக்கு பிடிக்க. ரென்பெத்துக்கு நடக்க முடியாமல் போனபோது, இரு கரைக்கும் தாவேதான் மருத்துவச்சி ஆனாள். அவளுக்குப் பிள்ளை பிறக்கவேயில்லை. ஹூரி அவளை விட்டு வேறொருத்தியைக் கட்டலாம் என்று சொன்ன சொந்தக்காரனை மிப்தா வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டாள். அவள் மகள் பாதி நாள் தாவே வீட்டில்தான் வளர்ந்தாள். தாவேயை 'பெரியம்மா' என்றும் அம்மாவை 'மிப்தா' என்றும் கூப்பிடுவாள், எவ்வளவு அடித்தும் மாற்ற முடியவில்லை.

வலி வந்து துடிக்கிறவளுக்குத் தாவே கதை சொல்லுவாள். எங்கள் வீட்டுப் பெண் என்றால் ஏரிக்கதை. எகிப்து வீட்டுப் பெண் என்றால் கடல் கதை. ஏன் மாற்றிச் சொல்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரிஞ்ச கதைன்னா மனசு பாதியில விட்டுட்டு வலியை நினைச்சுக்கும் அக்கா. தெரியாத கதைன்னாத்தான் அடுத்து என்னன்னு காது இங்கே இருக்கும்" என்றாள்.

பலத்யா காலமாகிவிட்டார். பஹோரும்தான். ஹூரிக்குப் பார்வை மங்கிவிட்டது, வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் காலடிச் சத்தத்தை வைத்தே கூப்பிடுகிறான்.

இன்று காலை நான் தண்ணீருக்குப் போனபோது தாவே படித்துறையில் நின்றுகொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது, குரல் மட்டும் ரென்பெத்துடையது மாதிரி ஆகிவிட்டது. புதிதாக வந்திருக்கிற படையில் ஒருவன் பெண்டாட்டிக்கு வலி எடுத்திருக்கிறதாம். கிழக்கே வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள், பனி கொட்டுகிற நாடாம். அவர்கள் பேசுவது ஒரு சொல் புரிவதில்லை.

"பாஷை தெரியாம எப்படிடி பாப்பே?" என்றேன்.

"முக்குறதுக்கு என்ன பாஷை அக்கா?" படகில் செங்கலை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "அவ மாமியாருக்கு நம்ம பேச்சு கொஞ்சம் வருமாம். அவங்க பக்கம் தண்ணி விலகின கதை ஏதாவது இருக்கான்னு கேட்டுட்டு வரேன்."

படகுக்காரப் பையன் துடுப்பை எடுப்பதற்குள், "சீக்கிரம் தள்ளுடா, குழந்தை உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று அவனை அதட்டினாள். ஆற்றில் வெள்ளத்தின் முதல் செம்மண் சிவப்பு வந்துவிட்டிருந்தது. படகு நேராக அக்கரையைப் பார்த்துப் போயிற்று.